பாரத்தை இறக்கி வைப்பது எப்படி? விசுவாசத்தில் வளர விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஒரு பிஸ்கட் டப்பா பல வருடங்கள் இருந்தது. உள்ளே 42 நோட்டுகள், ஒவ்வொன்றும் 75 கியாட். 1987 செப்டம்பரில் பர்மாவில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று அரசு அறிவிப்பு வந்தது. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அக்காவின் கல்யாணத்துக்காக அப்பா பால் விற்றுச் சேர்த்த பணம் ஒரே நாளில் வெறுங்காகிதமாகிவிட்டது. அப்பா அந்த டப்பாவைத் தூக்கி எறியவில்லை. யாங்கோனுக்குள்ளேயே இரண்டு முறை வீடு மாறினோம், டப்பாவும் கூடவே வந்தது. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு அது என் கைக்கு வந்தது. அவருடைய கசப்பும் அதோடு சேர்ந்தே வந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, என் பாரம் எல்லாவற்றையும் உம்முடைய பாதத்தில் வைக்கிறேன்" என்று கண்ணீரோடு ஜெபிப்பேன். எழுந்து வீட்டுக்குள் வந்தால் டப்பா அதே இடத்தில் இருக்கும். விலைவாசி ஏறினாலும், கடன்காரர் வாசலில் நின்றாலும், என் மனம் நேராக அந்த 42 நோட்டுகளிடம்தான் போகும். பதினொரு வருடம் இப்படியே கழிந்தது. ஜெபித்தது பொய்யில்லை, வைத்ததுதான் பொய். எதை வைக்கிறேன் என்று ஒரு நாளும் பெயர் சொல்லவில்லை, வைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியவில்லை.

பர்மாத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1942இல் போருக்குத் தப்பி நடந்தே இந்தியாவுக்குப் போய், வழியில் பிள்ளைகளைப் புதைத்தவர்களின் கதை, 1964இல் கடைகள் அரசுடைமையானபோது கடையை இழந்து கப்பலேறிய உறவினரின் கதை, அடையாள அட்டைக்காக அலைந்த கதை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது. இப்போது 2024 பிப்ரவரிக்குப் பிறகு, கட்டாய இராணுவப் பணிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பதினெட்டு வயது மகன் உள்ள தாய்மாரின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பார்க்கவே முடியவில்லை. அவர்களிடம் "கவலைப்படாதிருங்கள் என்று வேதம் சொல்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எப்படி என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் தட்டுத் தடுமாறிக் கற்றதையும், எங்கள் ஜெபக்கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: வேதம் இரண்டு சுமைகளைப் பற்றிப் பேசுகிறது

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். 2ஆம் வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூன்றே வசனம் தள்ளி, 5ஆம் வசனம், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் "பாரம்" என்ற ஒரே சொல் இருப்பதால் குழப்பம் வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலாவது "பாரோஸ்": ஒருவனை நசுக்கும் பெரும் எடை. இரண்டாவது "ஃபோர்தியோன்": ஒருவன் தன் முதுகில் கொண்டுபோக வேண்டிய தன் மூட்டை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். மத்தேயு 11:30இல் "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று இயேசு சொல்லும்போதும் அந்த இரண்டாவது சொல்தான் வருகிறது. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்த அதே வாய், அடுத்த மூச்சிலேயே ஒரு நுகத்தையும் ஒரு சுமையையும் கொடுக்கிறது. வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவதாக அவர் சொல்லவே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாரத்தை இறக்குவது என்றால் எல்லாவற்றையும் உதறிவிட்டு நிம்மதியாக இருப்பது என்று நினைத்துக்கொண்டு, வயதான தாயையும், வாங்கிய கடனையும், பிள்ளைகளின் படிப்பையும் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது விசுவாசம் ஆகாது. அவர்கள் இறக்கி வைத்த சுமையை வீட்டிலுள்ள வேறொருவர், பெரும்பாலும் ஒரு பெண், எடுத்துச் சுமந்துகொண்டிருக்கிறார்.

முதல் படி: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, அவனுடைய அவிசுவாசத்தைக் கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடியும் படுத்துத் தூங்கினான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்ன பிறகுதான் பயணம் தொடங்கியது. மெல்லிய சத்தத்தில் தேவன் அவனோடு பேசியது அதற்கும் நாற்பது நாளுக்குப் பிறகு.

ஆகவே இந்த வழிகாட்டியை இரவு பன்னிரண்டு மணிக்கு, மின்சாரம் போன இருட்டில், பசியோடு தொடங்காதீர்கள். மூன்று நாள் நேரத்துக்குச் சாப்பிட்டு, முடிந்த அளவு தூங்கிய பிறகு தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமே வராமல் இருந்தாலோ, சாவைப் பற்றிய நினைவு திரும்பத் திரும்ப வந்தாலோ, அன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் ஊழியர் எவரேனும் இருந்தால், அவருடைய பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். நான்கு நாள், ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம். "குடும்பக் கஷ்டம்", "மனப்பாரம்", "எதிர்காலம்" என்றெல்லாம் எழுதக் கூடாது. அவை மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டுகள்தான், உள்ளே இருப்பதை அவை சொல்லாது. யார், எது, எப்போது, எவ்வளவு என்று ஒரே வரியில் எழுதுங்கள். "பணக் கஷ்டம்" என்பதற்குப் பதிலாக, "மூன்றாவது தெருவில் அடகு வைத்த சங்கிலியை மீட்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது" என்று எழுதுங்கள். "மகனைப் பற்றிய கவலை" என்பதற்குப் பதிலாக, "கோலாலம்பூரில் உணவகத்தில் வேலை பார்க்கிறான், காகிதம் சரியாக இல்லை, மாதம் ஒரு முறைதான் பேசுகிறான்" என்று எழுதுங்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவார், எழுதத் தெரியாது. பேத்தி பர்மிய எழுத்தில் தமிழை எழுதுவாள். இங்கே இளம் பிள்ளைகளில் பலர் பாட்டுப் புத்தகத்தைக்கூட அப்படித்தான் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஐந்தாவது வரியில் பாட்டி நிறுத்திவிட்டார். முந்தானையை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு, "இதை நீ எழுத வேண்டாம் கண்ணு, ஐயாவிடம் சொல்கிறேன்" என்று என்னைப் பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு முன் பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோன ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாமல் போனதை அவர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தக் குழந்தைக்கு வீட்டில் வைத்திருந்த பெயரையும் சொன்னார். ஐம்பது வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அன்று நான் அவருக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். பெயர் வைப்பதற்கு நான்கு நாள் ஒதுக்கச் சொல்வது இதற்காகத்தான். முதல் நாளில் கடனும் வாடகையும் வரும். உண்மையில் கனமானவை மூன்றாம் நாளுக்கு மேல்தான் வாசலுக்கு வரும்.

மூன்றாம் படி: பிரித்து வையுங்கள்

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் அடையாளம் போட வேண்டும். எபிரெயர் 12:1 பாரமான யாவற்றையும், நெருங்கி நிற்கிற பாவத்தையும் தனித்தனியே சொல்கிறது. எல்லாப் பாரமும் பாவமாகாது, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் கிடையாது. நாங்கள் ஐந்தாகப் பிரிக்கிறோம்.

முதலாவது, பாவம். நான் செய்தது, நான் மறைத்தது. இதற்கு வழி அறிக்கைதான். 1 யோவான் 1:9 மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்கூட அதைச் செய்வதில்லை. பிறர் பணமோ பெயரோ கெட்டிருந்தால் தேவனிடம் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்ற பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். தராசில் கைவைத்துச் சேர்த்த பணம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் எந்த உபவாச ஜெபமும் அந்த எடையைக் குறைக்காது.

இரண்டாவது, கசப்பு. எனக்குப் பிறர் செய்தது. மன்னிப்பு என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதல்ல. கடன் இருக்கிறது, தொகை இவ்வளவு, நான் இனி வசூலிக்கப் போவதில்லை என்று தொகையை எழுதித் தள்ளுபடி செய்வது. தொகை தெரியாமல் எதைத் தள்ளுபடி செய்வீர்கள்? ஆகவே மன்னிக்கும் முன் கோபப்பட்டு முழுவதையும் எழுதிக்கொள்வது தவறில்லை. சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம், "இது உன் சிலுவை, பொறுமையாகச் சும" என்று சொல்வது பெரிய அநியாயம். நம் சபைகளில் அதைப் பெண்களே பெண்களுக்குச் சொல்கிறார்கள். இயேசு சொன்ன சிலுவை, அவரைப் பின்பற்றுவதால் வரும் பாடு. குடித்துவிட்டு வருகிறவனின் கைக்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. மன்னித்துவிட்டு, பாதுகாப்பான வீட்டுக்குப் போய்விடலாம். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடிப்போனார். பிறகு கையில் கிடைத்தபோதும் சவுலைக் கொல்லவில்லை, அதற்காக அரண்மனைக்குத் திரும்பிப் போய் ஈட்டிக்கு எதிரே உட்காரவும் இல்லை.

மூன்றாவது, கவலை. நடக்குமோ என்று அஞ்சுவது. அடுத்த படிகள் பெரும்பாலும் இதற்குத்தான்.

நான்காவது, கடமை. தாய்க்கு மருந்து, பிள்ளைக்குச் சோறு, வாங்கிய கடனுக்குத் தவணை. இதை இறக்க வேண்டாம், இதுதான் உங்கள் மூட்டை. கடமையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கவலையை மட்டும் பிரித்து மூன்றாவதில் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, துக்கம். இதைத் தனியாக வைத்ததற்கு இங்குள்ள மோல்மேன் நகரம் காரணம். அந்த ஊரோடு இணைந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனின் கதையை இங்குள்ள கிறிஸ்தவர் எல்லாருக்கும் தெரியும். அதன் நடுப்பகுதியை மட்டும் பிரசங்கங்களில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கியவர். 1824இல் அன்றைய தலைநகரான ஆவாவில் பிடிபட்டு ஏறத்தாழ 17 மாதம் விலங்கோடு சிறையில் கிடந்தவர். அவர் மொழிபெயர்த்த வேதப் பிரதி ஒரு தலையணைக்குள் ஒளித்துக் காப்பாற்றப்பட்டது, அதுவரை எல்லாரும் சொல்வார்கள். விடுதலைக்குப் பிறகு, 1826 அக்டோபரில், அன்று ஆம்ஹர்ஸ்ட் என்று அழைக்கப்பட்ட சைக்காமியில் மனைவி ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயது மகள் மரியாவும் போனாள். அதன்பின் ஜட்சன் தன் கௌரவப் பட்டத்தைத் துறந்தார், சேமித்த பணத்தை மிஷனுக்குக் கொடுத்துவிட்டார், காட்டோரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியே போனார். ஒரு கல்லறைக் குழியைத் தோண்டி அதன் அருகே உட்கார்ந்து தன் சாவைத் தியானித்தார்.

பட்டம், பணம், மனிதர் என்று கையில் இருந்த எல்லாவற்றையும் அவர் இறக்கி வைத்துவிட்டார். இறக்க முடியாத துக்கம் மட்டும் அவரோடு குடிசையில் இருந்தது. வேறு எதையாவது தியாகம் செய்தால் துக்கம் போய்விடும் என்று நாமும் உபவாசத்தைக் கூட்டுகிறோம், நகையைக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறோம். துக்கம் அப்படிப் போகாது, காலம் கேட்கும். ஜட்சனுக்கு அது வருடக்கணக்கில் பிடித்தது. மெல்ல மெல்ல மனிதரிடமும் மொழிபெயர்ப்பு மேசையிடமும் திரும்பினார். 1834 ஜனவரி 31இல் பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். உங்கள் பட்டியலில் மரணம் ஒன்று இருந்தால் அதற்கு எதிரே "துக்கம்" என்று எழுதி, அதை அவசரப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். லாசருவை எழுப்பப் போகிறேன் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார்.

நான்காம் படி: இது யாருடைய சுமை என்று கேளுங்கள்

இது சின்னப் படி, ஆனால் என்னை விடுவித்தது இதுதான். என் பட்டியலில் "அக்காவின் கல்யாணப் பணம்" என்பதற்கு எதிரே "கசப்பு" என்று எழுதியிருந்தேன். யாருக்கு நடந்தது என்று கேட்டபோது, அப்பாவுக்கு, அக்காவுக்கு என்று பதில் வந்தது. அக்காவிடமே போய்க் கேட்டேன். நோட்டுகள் செல்லாமல் போன அந்த வருடம் எனக்குப் பதினான்கு வயது, அக்காவுக்கு இருபது. அவர் கடுகு தாளித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்தக் கல்யாணம் தேநீரும் கேக்கும் கொடுத்து நடந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அப்பாதான் அழுதார். நீ இன்னுமா அதை வைத்திருக்கிறாய்?"

யாருக்கு இழப்போ அவரே இறக்கிவிட்ட ஒன்றை நான் வருடக்கணக்கில் சுமந்திருக்கிறேன். பெற்றோரின் பயத்தையும் கோபத்தையும் சுமப்பதை நாம் பாசம் என்றே நினைக்கிறோம். உங்கள் பட்டியலில் உள்ளவற்றில் எது உங்களுக்கு முன்பே இந்த வீட்டில் இருந்தது என்று பாருங்கள். உயிரோடிருக்கிறவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கப்பல்காரர் செய்த வரிசையில் இறக்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே இரவில் வைத்துவிட முயல்வதால்தான் ஒன்றும் நிலைப்பதில்லை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை ஒரு முறை மெதுவாகப் படியுங்கள். புயலில் அகப்பட்ட கப்பலில் 276 பேர். முதலில் சில சரக்குகளை எறிகிறார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களைத் தங்கள் கைகளாலேயே எடுத்து எறிகிறார்கள். பதினாலு நாள் கழித்து, பவுல் அப்பத்தைப் பிட்டு ஸ்தோத்திரம் செய்து எல்லாரும் சாப்பிட்டுத் திருப்தியான பிறகு, கடைசியாகக் கோதுமையைக் கடலில் எறிகிறார்கள்.

மூன்றும் ஒன்றல்ல. சரக்கு லாபத்துக்கு உள்ளது. தளவாடம் கப்பலை நம் கையால் நடத்துவதற்கு உள்ளது. கோதுமை நாளைய உயிருக்கு உள்ளது. நம் கவலைகளும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன: பெயர், கௌரவம், அடுத்தவர் என்ன சொல்வார் என்பது சரக்கு. எல்லாம் நான் நினைத்தபடியே நடக்க வேண்டும் என்பது தளவாடம். பிள்ளையின் உயிர், நாளைய சாப்பாடு என்பவை கோதுமை. வாரத்துக்கு ஒன்று, லேசானதிலிருந்து தொடங்குங்கள். மகனைப் பற்றிய பயத்தை முதல் வாரத்திலேயே விடச் சொல்லி எந்தத் தாயையும் நான் கேட்க மாட்டேன். வயிறும் மனமும் ஒரு முறை நிறைந்த பிறகே அந்தக் கப்பலிலும் கோதுமை எறியப்பட்டது.

ஆறாம் படி: வைக்கும் ஜெபம்

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற 1 பேதுரு 5:7ஐ நாம் தனி வசனமாகவே மனப்பாடம் செய்திருக்கிறோம். மூலத்தில் அது 6ஆம் வசனத்தின் தொடர்ச்சி: தேவனுடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள், உங்கள் கவலையை அவர்மேல் வைத்தவர்களாக. இதை என்னால் சமாளிக்க முடியாது என்று ஒத்துக்கொள்ளும் தாழ்மைதான் வைப்பதன் தொடக்கம். "வைத்துவிடுங்கள்" என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் எறிந்து போடுவதைக் குறிக்கும். லூக்கா 19இல் கழுதைக்குட்டியின் மேல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைப் போட்ட இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. போட்ட வஸ்திரத்தின் மேல் இயேசு ஏறி அமர்ந்தார். அதற்குப் பிறகு அதைக் கீழிருந்து உருவ முடியாது.

செய்முறை இது. தனியாக ஓர் இடம், கதவைச் சாத்தலாம். அந்த வாரத்துக்குரிய ஒரே வரியை நோட்டுப் புத்தகத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள், தெருப் பெயர், தொகை, ஆள் பெயர் எல்லாவற்றோடும். பிறகு, இதில் என் பங்கு எது என்று கேட்டு அதை மட்டும் எழுதுங்கள்: "செவ்வாய்க்கிழமை அடகுக் கடைக்குப் போய்த் தவணை கேட்பேன்." மீதியைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். நீளமாக ஜெபிக்க வேண்டியதில்லை. பிலிப்பியர் 4:6 ஸ்தோத்திரத்தோடே என்று சொல்கிறது, ஆகவே அந்தக் காரியத்துக்குள்ளேயே நன்றி சொல்ல ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். ஒரு பெண் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: "மகன் மாதம் ஒரு முறைதான் பேசுகிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் சாப்பிட்டீர்களா அம்மா என்றுதான் தொடங்குகிறான், ஸ்தோத்திரம்." கடைசியில் வரியின் ஓரத்தில் தேதியைப் போடுங்கள். தேதி முக்கியம். அதன் உபயோகம் எட்டாம் படியில் வரும்.

ஏழாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள்

யாங்கோனின் போத்தத்தாவுங் படகுத்துறையில் மூட்டை சுமப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? 24 பியீ (பர்மியப் படி அளவு, மொத்தம் ஏறத்தாழ 50 கிலோ) அரிசி கொண்ட மூட்டையை எவரும் தானாக முதுகில் ஏற்றிக்கொள்வதில்லை, தானாக இறக்குவதும் இல்லை. ஏற்ற இருவர், இறக்க இருவர் நிற்கிறார்கள். கலாத்தியர் 6:2 சொல்வது அந்த இருவரைத்தான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். யாங்கோன் தமிழ்ச் சபைகள் சிறியவை, எல்லாரும் எல்லாருக்கும் உறவு. சாட்சி நேரத்தில் எழுந்து சொன்னது மறுநாள் சந்தையில் கேட்கும். "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று தொடங்கி எத்தனை வீட்டுக் கதைகள் ஊர் சுற்றியிருக்கின்றன! ஆகவே மற்றவர் கதையை உங்களிடம் கொண்டுவராத ஒருவரைத் தேடுங்கள். உங்கள் கதையையும் அவர் வேறு இடத்துக்குக் கொண்டுபோக மாட்டார். அவர் புத்திசாலியாக இருக்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் இதைப் பற்றிக் கேட்பேன்" என்று சொல்லி, சொன்னபடி கேட்டால் போதும்.

எட்டாம் படி: திரும்பி வரும்போது

வரும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் மனம் உடையாது.

ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்த என் தாத்தா ஊர்ச் சுமைதாங்கிகளைப் பற்றி அடிக்கடி சொல்வாராம். வழியோரத்தில் தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக வைப்பது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியில்லாமல் அதன் மேல் சுமையைச் சாய்த்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் தூக்கிக்கொண்டு போவார். பல நாள் நம்முடைய ஜெபம் அப்படித்தான் இருக்கிறது. அதற்காக அதை அற்பமாக எண்ண வேண்டாம். இளைப்பாறுதலும் அவர் தருவதுதான். ஒரே கவலையை நாற்பது முறை கொண்டுபோய் வைக்க வேண்டி வந்தால் நாற்பது முறையும் வையுங்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலோடு தொடர்ந்து நடந்தார்.

கவலை திரும்பும்போது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள். "இதை மார்ச் 9ஆம் தேதி கொடுத்துவிட்டேன், என் பங்கு செவ்வாய்க்கிழமை வேலை, அதை முடித்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு எழுந்து கையால் செய்கிற ஏதாவது வேலையைத் தொடங்குங்கள். அரிசி புடைக்கலாம், துணி மடிக்கலாம். படுத்துக்கொண்டு யோசிக்க மட்டும் வேண்டாம். சனிக்கிழமை இரவில் வாரம் ஒரு முறை பட்டியல் முழுவதையும் வாசித்து, முடிந்தவற்றில் கோடு போடுங்கள். மூன்று மாதத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். நினைத்துப் பயந்ததில் நடக்காமலே போனவை எத்தனை என்பதும் அந்த நோட்டில் தெரியும்.

ஒன்பதாம் படி: காலியான இடத்தில் அவருடைய சுமையை ஏற்றுக்கொள்ளுங்கள்

இறக்கிய இடம் வெறுமையாக இருந்தால் பழையதே வந்து உட்காரும். விசுவாசம் வளர்வது இந்தப் படியில்தான் என்பது என் அனுபவம். தோள் லேசானவர்களுக்கே பக்கத்தில் நடப்பவரின் முதுகு கண்ணில் படுகிறது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் கூரையிழந்த வீடுகளுக்கு, கூரையிழந்தவர்களே சோறு கொண்டுபோனார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மண்டலே, சகாயிங் பக்கம் அனுப்புவதற்காக, பட்டியல் எழுதிய அந்தப் பாட்டி இரண்டு லுங்கிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே ஓர் ஆளுக்கு, சத்தமில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நான் செய்தது இது. அந்த 42 நோட்டுகளையும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு நோட்டை மட்டும் அப்பாவின் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, மீதியை அடுப்பில் போட்டார். டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து என்னிடமே தந்தார். இப்போது அது எங்கள் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் என் மனைவி ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போடுகிறாள். மாதக் கடைசி ஞாயிறு அதைச் சபைக்குக் கொண்டுபோகிறோம். போன மாதம் அந்த அரிசி, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஒரு தாயின் வீட்டுக்குப் போனது.